லுவ்சன் வெட்டாத முடி

லுவ்சன் பள்ளிக்கூடத்துக் கொதிகலன்காரன், கரி எரித்துக் குழாயில் வெந்நீர் ஓடவிட்டு வகுப்புகளைச் சூடாக வைத்திருப்பவன். செப்டம்பர் நடுவில் அடுப்பைப் பற்றவைத்தால் மே நடுவில்தான் அணைப்பான். இடையில் உள்ள எட்டு மாதமும் அவனுக்குக் கல்யாணம், சாவு, காய்ச்சல் எதுவும் கிடையாது. அடுப்பு ஒரு பொழுது அணைந்தால் போதும், குழாயெல்லாம் உறைந்து வெடித்துவிடும். முந்நூறு பிள்ளைகளுக்கும் லீவு விட வேண்டியதுதான். பிள்ளைகள் வருடா வருடம் அதற்காக வேண்டிக்கொள்வதுண்டு. லுவ்சன் ஒரு தடவைகூட இடம் கொடுத்ததில்லை.

நாற்பதைத் தாண்டியவன். பெண்டாட்டி ஒருத்தி இருந்தாள். கரிப்புகை ஒத்துக்கொள்ளவில்லை என்று தலைநகருக்குப் போய்விட்டாள். தலைநகரில் இதைவிடப் பத்து மடங்கு கரிப்புகை என்பது போன பிறகு தெரிந்திருக்கும். ஆனாலும் திரும்பி வரவில்லை. இதிலிருந்து கரிப்புகை ஒரு சாக்குதான் என்று ஊர் புரிந்துகொண்டது. லுவ்சன் அதற்கு முன்பே புரிந்துகொண்டிருந்தான்.

பன்னிரண்டு மிருக வருஷங்களில் ஆட்டு வருஷம், ஜூன் மாதம், அடுப்பு அணைந்திருந்த நேரம், அவன் தங்கை துல்மா ஒரு ஜீப்பில் வந்து இறங்கினாள். இடுப்பில் பிள்ளை, தோளில் ஒரு பை. பிள்ளைக்குப் பெயர் பில்கூன். அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தான். பிள்ளையின் தகப்பன் என்று ஒருவன் இருந்தான். அவன் எங்கே என்று யாரும் கேட்கவில்லை, துல்மாவும் சொல்லவில்லை.

"மூணு மாசம் அண்ணே," என்றாள். "கொரியாவுல கடல்பாசி மடிக்கிற வேலை. சுத்திப் பாக்கப் போறேன்னு விசா வாங்கியிருக்கேன். மூணு மாசம் மடிச்சுட்டு வந்துடுவேன்."

"என்ன சாப்பிடுவான்?"

"நீங்க சாப்பிடறதை."

"நான் சாப்பிடறதை நானே சாப்பிட முடியல."

"அண்ணே, விளையாடாதீங்க. ஜீப்பு நிக்குது."

"அழுதா?"

"தூக்குங்க."

"தூக்கியும் அழுதா?"

"இறக்கி விடுங்க. அவனே நிறுத்திடுவான்."

பிள்ளை வளர்ப்பு பற்றி லுவ்சனுக்குக் கிடைத்த பாடம் அவ்வளவுதான். ஜீப்பில் ஏறப் போனவள் திரும்பி வந்து பிள்ளையின் தலையில் கை வைத்தாள். பிறந்ததிலிருந்து கத்தரி படாத முடி, காதை மூடிக்கொண்டிருந்தது.

"இதை மட்டும் யாரும் தொடக் கூடாது. நான் வந்துதான் இறக்கணும். சத்தியம் பண்ணுங்க."

"தாய்மாமன் நான் இருக்கேன், எவன் தொடுவான்," என்றான் லுவ்சன். சத்தியம் பண்ணினான். ஜீப்பு போய்விட்டது. பிள்ளை அழுதது. தூக்கினான். அதற்கும் அழுதது. இறக்கி விட்டான். தங்கை சொன்னது சரிதான், கொஞ்ச நேரத்தில் அதுவே நிறுத்திக்கொண்டது. ஆனால் அந்தக் கொஞ்ச நேரம் ஒரு மணி நேரம் என்பதை அவள் சொல்லவில்லை.

அடுத்த வாரம் தடுப்பூசி போடப் போனால் பொறுப்பாளர் கடிதம் எங்கே என்று கேட்டார்கள். ஊர் அலுவலகத்தில் அந்தக் கடிதம் எழுதித் தருகிறவள் ஹந்த்சுரேன். லுவ்சனைவிட இரண்டு வயது சின்னவள். பேச்சில் அந்த வித்தியாசம் தெரியாது. தற்காலிகப் பொறுப்பாளர் என்று தலைப்புப் போட்ட தாளை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டாள்:

"எவ்வளவு காலத்துக்கு?"

"மூணு மாசம்."

"கொரியாவுக்கு மூணு மாசம்னு போனவ எவளாவது மூணு மாசத்துல வந்திருக்காளா? ஒரு வருஷம்னு போடறேன்."

"அவ மூணு மாசம்னுதான் சொன்னா."

"அண்ணே, ஒவ்வொரு மூணு மாசத்துக்கும் வந்து நிக்கணும். எனக்கு வேற வேலை இருக்கு."

"நிக்கறேன்."

ஹந்த்சுரேன் மூன்று மாதம் என்று எழுதி முத்திரை குத்தினாள். சும்மா சொல்லக் கூடாது, லுவ்சன் சொன்னபடியே வந்து நின்றான். செப்டம்பரில் இரண்டாவது கடிதம். டிசம்பரில் மூன்றாவது. ஒவ்வொரு தடவையும் அவள் ஒரு வருஷம் என்று ஆரம்பிப்பாள், அவன் மூன்று மாதம் என்பான். பிடிவாதம்தான். ஒரு வருஷம் என்று எழுதினால், துல்மா ஒரு வருஷம் வரமாட்டாள் என்று அவனே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும். அது அவனால் முடியவில்லை.

பிள்ளை கொதிகலன் அறையில் வளர்ந்தது. கரி கொட்டும் தகரப் பெட்டி ஒன்றைக் கழுவிக் கம்பளம் போட்டு, குழாய் ஓரமாக வைத்தான். மைனஸ் நாற்பது டிகிரி குளிரில் ஊரே பல் கிட்டிக் கிடக்கும்போது பில்கூன் மட்டும் ஒற்றைச் சட்டையில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். தலைமையாசிரியர் வீட்டுப் பிள்ளைக்குக்கூட அந்தச் சுகம் இல்லை. கரித்தூள் மட்டும் ஒரு தொல்லை. வாரத்துக்கு இரண்டு முறை தலை அலசினாலும் தண்ணீர் கறுப்பாகத்தான் இறங்கும்.

முடி வளர்ந்தது. தோளுக்கு வந்தது. பின்ன வேண்டும். லுவ்சனுக்குத் தெரிந்த பின்னல் ஒன்றுதான், குதிரையை இழுத்துப் போகும் கயிற்றுக்குப் போடும் நாலு புரிப் பின்னல். அதைத்தான் போட்டான். காலையில் போட்டால் இராத்திரி வரை அவிழாது. குதிரையே அறுக்க முடியாததைப் பிள்ளை என்ன செய்யும். மழலைப் பள்ளியில் மற்றப் பிள்ளைகள் அந்தப் பின்னலைப் பிடித்துக்கொண்டு குதிரை விளையாட்டு விளையாடினார்கள். பில்கூன் குதிரையாக இருக்க ஒருபோதும் மறுத்ததில்லை. நன்றாக உதைப்பான்.

கரி கொண்டுவரும் லாரிக்காரர்கள் அவனைப் பார்த்து, "பொண்ணு நல்லா இருக்காளே," என்பார்கள்.

"நான் ஆம்பளை," என்பான் பில்கூன். "மூணு மாசத்துல எங்கம்மா வந்து முடி வெட்டுவாங்க."

மூன்று வயதிலும் அதையே சொன்னான். நான்கு வயதிலும் அதையே சொன்னான்.

துல்மாவும் பேசாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள மேட்டில் ஏறி நின்றால் போனில் முகம் தெரியும். முகத்துக்குப் பின்னால் பச்சைச் சுவர் ஒன்றும் இரண்டு பிலிப்பைன்ஸ் பெண்களும் தெரிவார்கள். அவளோடு அறையில் இருந்தவர்கள். துல்மா பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பாள், அழுவாள், மறுபடி சிரிப்பாள். பிள்ளை முதலில் போனைத்தான் அம்மா என்று நினைத்தது. பிறகு அம்மா போனுக்குள் இருக்கிறாள் என்று நினைத்தது. பிறகு கேட்பதை விட்டுவிட்டது.

முதல் இலையுதிர் காலத்தில், மூன்று மாதம் கடந்து போன பிறகு, அவள் சொன்னாள்: "அண்ணே, விசா முடிஞ்சுபோச்சு. இப்ப வந்தா மறுபடி விடமாட்டாங்க. கொஞ்சம் இருந்துட்டு வரேன். மூணு வயசுல முடி இறக்க வேணாம். அஞ்சு வயசுல வெச்சுக்கலாம். அதுக்குக் கண்டிப்பா வந்துடுவேன்."

"அஞ்சுதானே?"

"அஞ்சு."

ஆண்பிள்ளைக்கு மூன்றில் இறக்கலாம், தவறினால் ஐந்தில். அதற்கு மேல் தள்ளினால் ஊர் பேசும். லுவ்சன் ஐந்து என்று மனதில் எழுதி வைத்துக்கொண்டான். ஐந்து என்றால் எந்த ஐந்து என்று அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், இதையெல்லாமா கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

இரண்டு வருஷம் தள்ளி, சேவல் வருஷம் முடிய மூன்று வாரம் இருந்தது. பதினோராவது கடிதம் நடப்பில் இருந்தது. பிள்ளைக்கு ஐந்து வயது முடிந்து ஆறு பிறக்கப் போகிறது, இவள் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று லுவ்சன் மேட்டில் ஏறினான். மீசையில் பனி கட்டிக்கொண்டு நின்றான்.

"என்னிக்கு வரே?" என்று கேட்டான்.

"நவம்பர்ல அண்ணே. முதலாளிகிட்ட சொல்லிட்டேன். ஒரேயடியா முடிச்சுக்கிட்டு வரேன். அவனுக்கு அஞ்சு பொறக்கற அன்னிக்கு நான் அங்க இருப்பேன். பெரிய கேக்கா வாங்கிட்டு வரேன்."

"நவம்பர்ல அவனுக்கு ஆறு."

"அஞ்சு அண்ணே."

"ஆறு. மூணு வாரத்துல புது வருஷம். பொறந்தா ஆறு. வயித்துல இருந்த வருஷத்தை எங்க விட்டே?"

தங்கைக்கு முகம் வெளுத்தது போனின் கீறல் விழுந்த கண்ணாடியிலும் தெரிந்தது. அவளும் நம் பக்கத்துப் பெண்தான், வயிற்று வருஷத்தை ஒன்று என்று வைத்துப் புது வருஷத்துக்குப் புது வருஷம் ஒன்று கூட்டுகிற கணக்குத் தெரியாதவள் இல்லை. ஆனால் பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் கேக் வெட்டி எண்ணுகிறவர்களோடு ஒரே அறையில் இரண்டரை வருஷம் இருந்திருக்கிறாள். மகனுக்கும் ஒவ்வொரு நவம்பரிலும் அங்கே அவர்களோடு சேர்ந்து ஒரு கேக் வெட்டியிருக்கிறாள். இரண்டு, மூன்று, நான்கு என்று அவள் எண்ணம் அப்படியே தடம் மாறிவிட்டது.

"விட்டுட்டேன் அண்ணே," என்றாள்.

"உன் வயிறுதானே அது."

இதைச் சொல்லியிருக்க வேண்டாம். சொன்ன அந்தக் கணமே லுவ்சனுக்குத் தெரிந்தது. துல்மா வாயில் கையை வைத்துக்கொண்டு அழுதாள், பின்னால் இருந்த பெண்களில் ஒருத்தி வந்து அவள் தோளைப் பிடித்தாள். மூன்று வாரத்தில் வர முடியாது. பாஸ்போர்ட் வேறு ஊரில் ஒரு தரகனிடம் இருக்கிறது. "நீங்களே இறக்கிடுங்க," என்றாள். "நான் கொடுத்து வெக்கல." போன் அணைந்தது.

லுவ்சன் மேட்டிலிருந்து இறங்கி வந்தான். பில்கூன் கரிப்பெட்டியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். பின்னல் இடுப்பு வரை இருந்தது.

அம்மா கை படாமல் இந்த முடி இறங்கக் கூடாது. வாக்குக் கொடுத்தாகிவிட்டது. இறக்காமல் வருஷத்தைத் தாண்டவும் கூடாது, அது பிள்ளைக்கு நல்லதில்லை. இரண்டும் நடக்காது. லுவ்சன் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. முன்னால் சாப்பிட்டதும் அப்படி ஒன்றும் பிரமாதமில்லை என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

நான்காம் நாள் லாமா யொந்தோனிடம் போனான். லாமா மூக்குப்பொடிக் குப்பியை நீட்டினார், வாங்கி முகர்ந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். லாமா சுவடியைப் புரட்டினார்.

"பையன் பாம்பு வருஷம். மாட்டு வருஷத்துல பொறந்தவங்கதான் முதல் கத்தரி போடணும்."

"துல்மா மாட்டு வருஷம்தான்."

"கொரியாவுல நிக்கற மாடு இங்க எதுக்கு ஆகும்? ஊருல வேற மாடு இல்லையா? அலுவலகத்துல இருக்காளே ஹந்த்சுரேன், அவளைக் கூப்பிடு. நீ என்ன வருஷம்?"

"பன்றி."

"பாம்புக்குப் பன்றி ஆகவே ஆகாது. நீ கடைசி."

லுவ்சன் தலையாட்டினான். பிறகு கேட்டான்: "எல்லாத்தையும் இறக்காம ஒரு கத்தையை மட்டும் விட்டு வெச்சா?"

"அப்படிச் சுவடியில இல்லை."

"கூடாதுன்னு இருக்கா?"

லாமா மறுபடி புரட்டினார். நேரம் எடுத்துக்கொண்டார். "அதுவும் இல்லை," என்றார். "நீ கொதிகலன்காரனா, வக்கீலா?"

வருஷம் முடிய நான்கு நாள் இருக்கும்போது முடி இறக்கினார்கள். அடுப்பை விட்டு வர முடியாது என்பதால் சொந்தபந்தம் எல்லாம் கொதிகலன் அறைக்கே வந்தது. முப்பது பேர். தேல் அங்கியில் கரி ஒட்டுமே என்று நின்றுகொண்டே இருந்தார்கள், பிறகு கால் வலித்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆட்டுக்கறிக் கொழுக்கட்டையை அடுப்பின் மேலேயே அவித்தான் லுவ்சன். பள்ளிக்கூட அடுப்பில் அவித்த கொழுக்கட்டை, ஒரே நேரத்தில் நூறு வெந்தது.

நீலப் பட்டுத் துண்டு கட்டிய கத்தரியும் ஒரு துணிப்பையும் கொடுத்து பில்கூனை அனுப்பினான். முதலில் ஹந்த்சுரேன். அலுவலகத்தில் யாரையும் உட்காரக்கூடச் சொல்லாதவள் அன்று மண்டி போட்டு உட்கார்ந்து பிள்ளையின் நெற்றியை முகர்ந்தாள். ஒரு கற்றையை எடுத்து வெட்டினாள். "பெத்தவ போட வேண்டிய கத்தரி," என்றாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு பையில் ஒரு பொம்மை லாரியைப் போட்டாள். பையன் வலமாகச் சுற்றி வந்தான். ஒருவர் ஒரு கற்றை, ஒருவர் ஒரு கற்றை. ஒருவர் மிட்டாய், ஒருவர் ஆட்டுக்குட்டி தருகிறேன் என்று வாய்ச்சொல். தலை ஆடு மேய்ந்த புல்வெளி மாதிரி ஆகிவிட்டது. பின்கழுத்தில் மட்டும் ஒரு கற்றை மீதி இருந்தது. கடைசி ஆள் தாய்மாமனுக்கு என்று எல்லோரும் விட்டுவைத்தது.

பில்கூன் வந்து மாமன் முன்னால் நின்று கத்தரியை நீட்டினான். லுவ்சன் வாங்கினான். பட்டுத் துண்டால் கத்தரியைச் சுற்றினான், தேலுக்குள் நெஞ்சோரமாக வைத்துப் பொத்தானைப் போட்டான்.

"என்னய்யா இது, பாதியில நிறுத்திட்டே," என்றது ஒரு குரல்.

"இது துல்மாவோடது."

"அப்ப உன்னோடது எது? வளத்தவன் ஒரு கத்தரிகூடப் போடலைன்னா எப்படி?" என்றாள் ஹந்த்சுரேன்.

"எனக்கு என்ன அவசரம். நான் இங்கதானே இருக்கேன்," என்றான் லுவ்சன். கொழுக்கட்டை வெந்துவிட்டதா என்று பார்க்கப் போனான். அடுப்புப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவன் அழுததை முப்பது பேரும் பார்த்தார்கள். புகை என்று சொன்னான், சரி என்றார்கள்.

அந்த ஒற்றைக் கற்றைக்கு அவன் தினமும் நாலு புரிப் பின்னல் போட்டான். சுற்றிலும் ஒட்ட வெட்டிய தலை, பின்கழுத்தில் சுண்டுவிரல் தடிமனுக்கு ஒரு கயிறு. பார்க்கிறவர்களுக்குச் சிரிப்புதான் வரும்.

அந்த நவம்பரில் துல்மா வரவில்லை. ஈரத்தரையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. "கட்டுப் பிரிக்க மூணு மாசமாகும் அண்ணே," என்றாள். கட்டுப் பிரித்த பிறகு வேறொன்று வந்தது, அதற்கும் மூன்று மாதம். கொரியாவில் வேறு அளவே கிடையாதோ என்று லுவ்சனுக்குத் தோன்றியது.

அடுத்து வந்த பன்றி வருஷம் செப்டம்பரில் பில்கூன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தான். புதிதாக வந்திருந்த தலைமையாசிரியர், வகுப்புப் போட்டோ எடுக்கப் போகிறோம், அந்த வாலை வெட்டிவிட்டு வரச் சொல் என்று சொல்லி அனுப்பினார். லுவ்சன் ஹந்த்சுரேனிடம் போனான். எப்படியும் பதினெட்டாவது கடிதத்துக்குப் போக வேண்டியிருந்தது.

அவள் இரண்டு கடிதம் எழுதினாள். ஒன்று வழக்கமானது. இன்னொன்று தலைமையாசிரியருக்கு: மேற்படி மாணவனின் பின்கழுத்தில் உள்ள முடி தற்காலிகமானது, தாயார் வரும்வரை அதற்குத் தாய்மாமன் பொறுப்பு, காலம் மூன்று மாதம். கீழே முத்திரை.

"முடிக்கெல்லாம் முத்திரை குத்தலாமா?" என்று கேட்டான் லுவ்சன்.

"முத்திரை என்கிட்டதானே இருக்கு," என்றாள்.

தலைமையாசிரியர் அதை இரண்டு தடவை படித்துவிட்டுக் கோப்பில் வைத்துக்கொண்டார். போட்டோவில் பில்கூன் வாலோடு நிற்கிறான்.

பிள்ளைக்கு ஒரு பயிற்சியும் நடந்தது. "அம்மா வந்தா என்ன செய்யணும்?" என்று லுவ்சன் கேட்பான். பில்கூன் உடனே முதுகைத் திருப்பி, கழுத்தைக் குனிந்து நிற்பான். நன்றாகவே செய்தான். ஒரு தடவை பஸ்ஸிலிருந்து பெரிய பெட்டியோடு ஒரு பெண் இறங்கினாள். பையன் ஓடிப் போய் அவள் முன்னால் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றான். அவள் மாட்டு டாக்டர். ஊருக்குள் நுழைந்ததுமே இப்படி ஒரு அவமரியாதையா என்று அலுவலகத்தில் போய்ச் சொன்னாள். ஹந்த்சுரேன்தான் சமாதானம் செய்தாள். அன்று சாயங்காலம் பையன் ஒன்றும் தின்னவில்லை. "நான் அம்மான்னு நெனச்சேன்," என்றான். லுவ்சன் அவனைத் தூக்கினான். இறக்கி விடவில்லை, பையன் தூங்கும்வரை வைத்திருந்தான்.

டிசம்பரில் துல்மா போன் பண்ணினாள். காலம் கடந்து தங்கினவர்கள் தாங்களாகவே கிளம்பினால் ஒன்றும் செய்ய மாட்டோம் என்று அங்கே சொல்லியிருக்கிறார்களாம். டிக்கெட் வாங்கிவிட்டாள். நாளும் சொன்னாள். மணிக்கட்டு முறிந்ததிலிருந்து அவள் வாயில் மூன்று மாதம் வராத ஒரே பேச்சு அதுதான், அதனால் லுவ்சன் நம்பினான்.

தலைநகரில் ஒரு சிநேகிதி வீட்டில் அறை பார்த்திருக்கிறாள், தையல்கடையில் வேலையும் சொல்லி வைத்திருக்கிறாள். பக்கத்திலேயே பள்ளிக்கூடம். "பையனை அங்கேயே வெச்சுக்கறேன் அண்ணே. உங்களுக்கு இவ்வளவு நாள் கஷ்டம்."

"கஷ்டம் என்ன," என்றான் லுவ்சன். இவ்வளவு வருஷமும் அவள் வர வேண்டும் என்றுதான் கிடந்தான். வந்தால் பையன் போய்விடுவான் என்பதை ஒரு நாளும் சேர்த்து நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது நினைத்தான்.

அடுப்பை விளையாட்டு ஆசிரியரிடம் இரண்டு நாளைக்கு ஒப்படைத்தான். எத்தனை மண்வெட்டி கரி, எந்த நேரத்துக்கு என்று தாளில் எழுதிக் கொடுத்தான். பையனின் சாமானெல்லாம் ஒரே பையில் அடங்கியது. துல்மா கொண்டுவந்த அதே பை. காலை பஸ்ஸில் ஏறி, சாயங்காலம் தலைநகர் போய், ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டில் படுத்து, மறுநாள் மத்தியானம் விமான நிலையத்தில் நின்றார்கள். பையன் நரித்தோல் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். பின்னலைக் காலையிலேயே இரண்டு தடவை அவிழ்த்துப் போட்டாகிவிட்டது.

கதவு திறந்தது. ஆட்கள் வந்தார்கள். துல்மா மெலிந்திருந்தாள், இடது மணிக்கட்டு கொஞ்சம் கோணல். பெட்டியை விட்டுவிட்டு ஓடி வந்தாள். பில்கூன் அவளை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தான். உடனே முதுகைத் திருப்பிக்கொண்டான்.

துல்மா அப்படியே நின்றாள். நீட்டின கை நீட்டினபடி இருந்தது.

"அண்ணே," என்றாள். "என் முகத்தைப் பாக்க மாட்டேங்கறான் அண்ணே. சரிதான். எனக்கு வேணும்."

"அவன் கழுத்தைப் பாரு," என்றான் லுவ்சன்.

அப்போதுதான் பார்த்தாள். குனிந்த கழுத்து, அதில் கயிறு மாதிரி ஒரு பின்னல். முடி இறக்கியாகிவிட்டது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். மேட்டில் நின்று பேசும்போதெல்லாம் முகம்தான் தெரியும், பின்கழுத்து தெரியாது. லுவ்சனும் சொன்னதில்லை. வருவாளா மாட்டாளா என்று தெரியாதவளிடம் எதைச் சொல்வது.

அவன் தேலுக்குள் கையை விட்டு நீலப்பட்டு சுற்றின கத்தரியை எடுத்து அவளிடம் கொடுத்தான். "உன் பங்கு. சத்தியம் பண்ணியிருக்கேன்ல."

துல்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். விமான நிலையத்தின் நடுவழியில், ஆட்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். பின்னலைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். "மாமா, வெட்டியாச்சா?" என்று கேட்டான் பையன், குனிந்தபடியே. கழுத்து வலித்திருக்கும். அவள் வெட்டினாள். நாலு புரிப் பின்னல் லேசில் அறுபடவில்லை. கோணல் மணிக்கட்டை வைத்துக்கொண்டு ஒட்ட வெட்டவும் வரவில்லை, அரை விரல் நீளம் கழுத்திலேயே நின்றுவிட்டது.

பில்கூன் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தான். பிறகு திரும்பினான். அம்மாவின் முகத்தை நன்றாகப் பார்த்தான்.

"நீங்க போன்ல சின்னதா இருப்பீங்க," என்றான்.

துல்மா அவனை இழுத்து அணைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். "எவ்வளவு வளந்துட்டான், ஆறு வயசுல," என்றாள்.

"ஏழு."

"ஏழு," என்று ஒப்புக்கொண்டாள். பையனின் தலையைத் திருப்பி மிச்சம் நின்ற அரை விரல் முடியைக் காட்டினாள். "இதை நீங்க வெட்டுங்க அண்ணே. ஹந்த்சுரேன் அக்கா முடி இறக்கினதைப் பத்தி எனக்கு எழுதியிருந்தாங்க. ஒரு கத்தை மிச்சம் இருக்குன்னு சொல்லல. நீங்க ஒரு கத்தரிகூடப் போடலைன்னு மட்டும் எழுதியிருந்தாங்க."

லுவ்சன் கத்தரியை வாங்கினான். பையன் உடனே முதுகைத் திருப்பிக் குனிந்தான். பழக்கம்தான். அந்தக் கழுத்தில் ஒரு கரித்தூள் புள்ளி இருந்தது. எத்தனை தேய்த்தும் போகாதது. லுவ்சன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். கட்டைவிரலால் துடைத்தான். பிறகு கத்தரியைப் பட்டுத் துண்டில் சுற்றித் தேலுக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டான்.

"இருக்கட்டும். அடுத்த தடவை ஊருக்கு வரும்போது வெட்டறேன்."

துல்மா அண்ணனைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்தது.

"எப்ப வருவோம்?" என்று கேட்டான் பில்கூன். இதை அவன் அம்மாவிடம் கேட்டான், மாமனிடம் கேட்கவில்லை.

"மூணு மாசத்துல," என்றாள் துல்மா.

லுவ்சன் தலையாட்டினான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, விளையாட்டு ஆசிரியர் கரியை எப்படி அள்ளிப் போடுகிறாரோ தெரியாது. மறுநாள் ஊர் அலுவலகத்தில் ஹந்த்சுரேன் கோப்பை எடுத்து, பதினெட்டாவது கடிதத்தில் இன்னும் ஒன்பது நாள் மீதி இருக்கிறது, ரத்து என்று எழுதிவிடவா என்று கேட்டாள். வேண்டாம், ஒன்பது நாளும் இருந்துவிட்டுப் போகட்டும் என்றான். அவள் கோப்பை மூடி வைத்தாள். அவன் அடுப்புக்குப் போனான்.